கைப்பேசி வங்கி: ஒருமுறை தொட்டவர் ஏன் விடுவதில்லை?

ஒரு புதுக் கருவி வீட்டிற்கு வந்தால் முதல் வாரம் வீடே அதைச் சுற்றி நிற்கும். ஓராண்டு சென்றபின் அது எங்கே இருக்கிறது என்பதே உண்மையான சோதனை. உடற்பயிற்சிக்கென்று வாங்கிய மிதிவண்டி துணி உலர்த்தும் கொடியாகிவிட்ட வீடுகள் எத்தனை! ஆசையோடு வாங்கிப் பரணில் ஏறிவிட்ட சாமான்களை எண்ணிப் பாருங்கள். வாங்குவதற்கு ஆசை போதும். தொடர்ந்து பயன்படுத்துவதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

கைப்பேசி வழியே பணம் அனுப்பும் செயலிகள் பரணில் ஏறவில்லை. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன், யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறையை மும்பையில் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் அதன்வழி நடந்த பரிமாற்றங்கள் 1000 கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்டில் அது 2000 கோடியைத் தாண்டியது. நாட்டின் மக்கள்தொகையை ஏறத்தாழ 140 கோடி என்று கொண்டால், கைக்குழந்தை உட்பட ஆளுக்கு மாதம் 14 முறை! ஏதோ ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டவர்களால் இந்த எண் வராது. செய்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பது தெளிவு.

ஏன் செய்கிறார்கள்? இது வணிகக் கேள்வியாயிற்றே, அறிவியல் இதழில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மனிதர் ஒரு செயலைத் தொடர்வதற்கும் விடுவதற்கும் காரணம் தேடுவதும் அறிவியலே. மேலும், இந்த விடையை அறிந்திருப்பது உங்கள் பணத்தைக் காக்கவும் உதவும். அது எப்படி என்று பின்னர் காண்போம்.

தள்ளியது யார்? ஓட்டுவது யார்?

தொடங்கியதற்குக் காரணம் கூறுவது எளிது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கையில் காசில்லாத நிலையில் பலர் முதன்முறையாகக் கைப்பேசியை நாடினர். பிறகு 2020-இல் கொரோனா வந்தது. நோட்டைத் தொடவே மக்கள் அஞ்சினர். இரண்டும் வெளியிலிருந்து வந்த தள்ளு விசைகள். ஆனால் சில மாதங்களில் புது நோட்டுகள் தாராளமாகக் கிடைத்தன. கொரோனா அச்சமும் நீங்கிற்று. தள்ளிய கை எடுக்கப்பட்ட பின்னும் வண்டி ஓடிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

இங்கே பள்ளிப் பாடம் ஒன்று நினைவுக்கு வரும். அரிசி மூட்டையைத் தரையில் தள்ளிப் பாருங்கள். அசையாமல் கிடக்கும் மூட்டையை அசைக்கப் பெரும் விசை வேண்டும். அது நகரத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து நகர்த்த அதைவிடக் குறைந்த விசையே போதும். முன்னதை நிலை உராய்வு என்றும் பின்னதை இயக்க உராய்வு என்றும் படித்திருக்கிறோம்.

கைப்பேசி வங்கியிலும் தொடக்கத்தில்தான் பெரும் தடை. செயலியை இறக்க வேண்டும்; கணக்கை இணைக்க வேண்டும்; ரகசிய எண் ஒன்றை அமைக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய தடை அச்சம்: "பணம் எங்காவது போய்விட்டால்?" இந்தத் தடையை ஒருமுறை கடந்தவருக்கு அடுத்த முறை மிகக் குறைந்த முயற்சியே போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இயக்க உராய்வு சிறியதே அன்றிச் சுழியன்று. தள்ளுவதை நிறுத்தினால் மூட்டை நின்றுவிடும். அதுபோலவே ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஏதோ ஒரு சிறு விசை தேவைப்படுகிறது. அது எங்கிருந்து வருகிறது?

எதிர்பார்ப்பும் அனுபவமும்

1989-இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மக்கள் ஒரு கணிப்பொறி முறையை ஏற்பது எதனால் என ஆராய்ந்தார். "இதனால் எனக்குப் பயன் உண்டா?", "இது எளிதானதா?" என்னும் இரண்டு கேள்விகளுக்கு மக்கள் தரும் விடையே முடிவு செய்கிறது என்றார். இரண்டில் பயனே வலுவானது என்றும் கண்டார். பயனுள்ளதென்றால் சற்றுக் கடினமானதையும் மக்கள் கற்றுக்கொள்வர். பயனற்றது எவ்வளவு எளிதாயினும் யாருக்கு வேண்டும்?

இது தொடங்குவதற்கான விடை. தொடர்வதற்கான விடையை 2001-இல் அனோல் பட்டாச்சார்ஜி என்னும் ஆய்வாளர் தேடினார். அவர் எடுத்துக்கொண்டதும் வங்கியே. அமெரிக்காவில் இணையம் வழியாக வங்கிக் கணக்கை நடத்தி வந்தவர்களை அவர் ஆராய்ந்தார். நுகர்வோர் மனநிறைவு பற்றி 1980-இல் ரிச்சர்டு ஆலிவர் வகுத்த கொள்கையை இதற்குப் பொருத்தினார்.

கொள்கை எளியது. ஒரு பொருளைப் பயன்படுத்துமுன் நம் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. பயன்படுத்தியபின் ஓர் அனுபவம் கிடைக்கிறது. அனுபவம் எதிர்பார்ப்பை எட்டினாலோ விஞ்சினாலோ மனநிறைவு, எட்டாவிட்டால் ஏமாற்றம். தொடர்வதற்கான எண்ணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த மனநிறைவே என்றும், பயன் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கிறது என்றும் பட்டாச்சார்ஜி கண்டார்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். ஒரே செயலியை இருவர் பயன்படுத்துகின்றனர். இருவருக்கும் பணம் போய்ச் சேர அரை நிமிடம் ஆகிறது. ஒருவர் மணியார்டர் படிவம் நிரப்பித் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றவர். அவருக்கு அரை நிமிடம் அற்புதம். மற்றவர் கைப்பேசியோடு வளர்ந்த கல்லூரி மாணவர்; அவருக்கு அரை நிமிடம் எரிச்சல். ஒரே அளவு நேரம் ஒருவருக்கு நிறைவையும் மற்றவருக்கு ஏமாற்றத்தையும் தருகிறது. வெப்பநிலை வேறுபாட்டிற்கேற்பவே வெப்பம் பாய்வதைப் போல, இங்கும் வேறுபாடே செயல்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. அனுபவம் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டே போகிறது. நேற்று வியந்ததை இன்று உரிமையாகக் கருதுகிறோம். ஆதலால் ஒரு செயலி அப்படியே நின்றால் போதாது. நாளுக்கு நாள் உயரும் எதிர்பார்ப்போடு தானும் உயர வேண்டும்.

பத்துப் பேரும் நூறு பேரும்

மிதிவண்டி வாங்குவது உங்கள் தனி விஷயம். தொலைபேசி வாங்குவது அப்படியன்று. ஊரில் உங்களிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் யாரோடு பேசுவீர்கள்? பணப் பரிமாற்றமும் தொலைபேசி போன்றதே.

சிறிது கணக்குப் போடுவோம். ஒரு முறையில் 10 பேர் சேர்ந்திருந்தால், அவர்களுக்குள் எத்தனை இணைப்புகள் இயலும்? 10-ஐ 9-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க, 45. ஆட்கள் 100 ஆனால் இணைப்புகள் 4950. ஆட்கள் பத்து மடங்கு பெருக, இணைப்புகள் நூறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டன. அந்த இணைப்புகள் எல்லாம் பயன்படப்போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் புதிதாக ஒருவர் சேரும்போது முன்பே இருப்பவர்களுக்கும் பயன் கூடுகிறது. பால்காரர், பூக்காரம்மா, பேருந்து நிலையத் தேநீர்க் கடை என ஒவ்வொருவராகச் சேரச் சேர, விட்டுப் போவதால் நேரும் இழப்பும் கூடுகிறது.

கென்யா நாட்டில் இதை உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது. 2007 மார்ச்சில் சபாரிகாம் என்னும் தொலைபேசி நிறுவனம் அங்கு எம்-பெசா என்ற முறையைத் தொடங்கியது. சுவாகிலி மொழியில் 'பெசா' என்றால் பணம். பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். குறுஞ்செய்தி போலப் பணத்தை அனுப்பலாம். நைரோபி நகரில் வேலை பார்ப்பவர்கள் ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பினர். இதன் விளைவை ஆராய்ந்த டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோர் 2016-இல் 'சயன்ஸ்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் நூற்றுக்கு இரண்டு, வறுமையிலிருந்து மீள இது உதவியது என்று அவர்கள் மதிப்பிட்டனர். நோயோ பஞ்சமோ வந்தால் தொலைவிலிருக்கும் உறவினர் உடனே உதவ முடிகிறது என்பதும் இதனால் கிடைத்த நன்மைகளில் ஒன்று.

யு.பி.ஐ. முறையில் இணைப்பின் வலிமை மேலும் ஒருபடி கூடியது. உங்கள் கணக்கு ஒரு வங்கியிலும் கடைக்காரர் கணக்கு வேறொரு வங்கியிலும் இருக்கலாம். இருவரும் வெவ்வேறு செயலிகளை வைத்திருக்கலாம். ஆயினும் பணம் போய்ச் சேரும். சிறு சிறு வலைகளாகப் பிரிந்து கிடக்காமல் அனைத்தும் ஒரே வலையாயின.

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்

கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடு என்னும் கட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா என்ற பொறியாளரும் அவர் குழுவினரும் இதை உருவாக்கினர். மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காணவே அது முதலில் பயன்பட்டது.

அதன் மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் உள்ளன. அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடிழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். இந்த விகிதத்தைத் தேடியே கைப்பேசி கட்டத்தின் இருப்பிடத்தைக் கண்டுகொள்கிறது. தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பது இதனால்தான். மேலும், செய்தியோடு சேர்த்துப் பிழை திருத்தும் கூடுதல் எண்களும் அதனுள் அடங்கியுள்ளன. 1960-இல் ரீடு, சாலமன் என்னும் இருவர் கண்ட கணித முறை இது. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் அமைத்தால், சுமார் நூற்றுக்கு முப்பது பங்கு சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடலாம். எண்ணெயும் மஞ்சளும் பட்டுக் கறையேறிய கட்டத்தைக் கைப்பேசி படித்துவிடுவது இப்படித்தான்.

பணம் செலுத்தியதும் கடையிலுள்ள சிறு ஒலிபெருக்கி தொகையைச் சொல்கிறதல்லவா? அது வெறும் அலங்காரமன்று. நோட்டைக் கொடுத்தால், அது கைமாறியதைக் கண் பார்க்கும். கைப்பேசிப் பணம் கண்ணுக்குத் தெரியாது. அது போய்ச் சேர்ந்ததை இருவரும் ஒரே நேரத்தில் அறிய ஒரு பின்னூட்டம் வேண்டும். அந்தக் குரல் அதைத் தருகிறது. ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பு நிறைவேறியதை அது உறுதி செய்கிறது. நாம் தேடிய சிறு விசை இதுவே.

பணம் எங்கே போயிற்று?

சில வேளைகளில் குரல் வராது. உங்கள் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கும். கடைக்காரருக்கு வரவு வந்திராது. இடையில் பணம் எங்கே போயிற்று?

உண்மையில் பணம் எங்கும் பயணம் செய்வதில்லை. செய்திகளே பயணம் செய்கின்றன. உங்கள் வங்கி பற்று எழுதிவிட்டு, "இவ்வளவு வரவு வையுங்கள்" என்று நடுவிலுள்ள நிலையத்தின் வழியே மற்ற வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த வங்கி வரவு வைத்துவிட்டு, "வைத்துவிட்டேன்" என்று பதில் அனுப்புகிறது. இந்தப் பதில் வழியில் தொலைந்தால்? வரவு வைக்கப்பட்டதா, செய்தியே போய்ச் சேரவில்லையா என்பது உங்கள் வங்கிக்குத் தெரியாது. "பதில் கிடைத்தது" என்று இன்னொரு செய்தி அனுப்பலாமே என்றால், அதுவும் தொலையலாம். செய்தி தொலையக்கூடிய வழியில், எத்தனை பதில்களை அனுப்பினாலும் இருபுறத்தாருக்கும் ஒருங்கே முழு உறுதி கிடைக்காது. இது பொறியாளர்களின் குறையன்று. கணிப்பொறி இயலில் நிறுவப்பட்ட உண்மை.

ஆகவே வேறு வழி கண்டனர். ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் 12 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. ஐயம் எழுந்தால் அந்த எண்ணை வைத்து இரு வங்கிகளின் கணக்குகளையும் பின்னர் ஒப்பிடுவர். பற்று எழுதப்பட்டு வரவு வைக்கப்படாவிட்டால், பணத்தைத் தானாகத் திருப்பித் தர வேண்டும். தனி நபருக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதானால் 5 நாட்களுக்குள் என்றும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. எனவே பதில் வரவில்லை என்றதும் பதறி மீண்டும் அனுப்பாதீர்கள். நிலைமை என்னவென்று செயலியில் பார்த்து, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய தடங்கல் ஒருவரை எவ்வளவு பாதிக்கும் என்பது அது எப்போது நேர்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்கிற்காக, நூறில் ஒரு பரிமாற்றம் தடைப்படுவதாகக் கொள்வோம். அப்படியானால் முதல் ஐந்து முயற்சிகளுக்குள் ஒரு தடங்கலையாவது சந்திப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். முந்நூறு முறை வெற்றி கண்டவர் ஒரு தடங்கலைச் சிரித்துக்கொண்டே தாங்குவார். மூன்றாம் முறையே ஓய்வூதியப் பணம் அந்தரத்தில் தொங்கக் கண்ட முதியவர் மீண்டும் தொடமாட்டார். கருவியின் தரம் ஒன்றே. இருவரின் முடிவு வேறு.

பழக்கம் நண்பனா, பகைவனா?

நாளடைவில் இன்னொன்று நேர்கிறது. சிந்தித்துச் செய்தது சிந்திக்காமலே நடக்கத் தொடங்குகிறது. 2007-இல் லிமாயெம் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், பழக்கம் வலுக்க வலுக்க, மனத்தின் திட்டமிட்ட எண்ணம் செயலைத் தீர்மானிப்பது குறைகிறது என்று காட்டினர். விரல் தானே செயலியைத் திறக்கிறது. தானே ரகசிய எண்ணை இடுகிறது.

மோசடிக்காரன் காத்திருப்பது இந்த நொடிக்காகவே. அவன் மறையாக்கக் கணிதத்தோடு மோதுவதில்லை. மோதினால் வெல்வதும் அரிது. கணக்கைத் திறக்க, பதிவு செய்த உங்கள் கைப்பேசியும் வேண்டும், ரகசிய எண்ணும் வேண்டும். ஆறு இலக்க எண்ணில் 10 லட்சம் வாய்ப்புகள் உண்டு. மூன்று முறை ஊகித்தாலும் 10 லட்சத்தில் மூன்று வாய்ப்பே. (நான்கு இலக்கத்தில் பிறந்த ஆண்டையே வைத்துக்கொண்டால் வாய்ப்புகள் எண்பதோ தொண்ணூறோதான், அப்போது கதை வேறு!) ஆதலால் அவன் பூட்டை விட்டுவிட்டுச் சாவி வைத்திருப்பவரிடம் வருகிறான். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பணம் பெற இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள்" என்கிறான். பழகிய விரல் இட்டுவிடுகிறது. பணம் வருவதற்குப் பதில் போகிறது.

ஒரு விதியை மனத்தில் இருத்துங்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை யாரேனும் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப் போகிறது என்றே பொருள். பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பி ஏமாற்றுவது பெருகியதால், தனி நபருக்குத் தனி நபர் அத்தகைய வேண்டுகோள் அனுப்பும் வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுப்பதே ஒரே வழி. அங்கே ஒவ்வொரு நிமிடமும் விலையுள்ளது.

விட்டுச் சென்றவர்களைக் கேளுங்கள்

"ஏன் தொடர்கிறீர்கள்?" என்ற கேள்வியை ஆய்வாளர்கள் தொடர்பவர்களிடமே கேட்கின்றனர். இதில் ஒரு குறை உண்டு. வகுப்பில் இருப்பவர்களை மட்டும் கேட்டு, "பாடம் எல்லோருக்கும் புரிகிறது" என்று ஆசிரியர் முடிவு செய்வதைப் போன்றது அது. புரியாதவன் வகுப்புக்கே வராமல் நின்றிருக்கலாம் அல்லவா? முதல் தடங்கலிலேயே விலகியவர், எழுத்துத் தெரியாதவர், கண் மங்கியவர், நல்ல கைப்பேசி இல்லாதவர் ஆகியோர் கணக்கிலேயே வருவதில்லை. பொத்தான் கைப்பேசியிலும் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் '123பே' என்னும் வசதி தொடங்கப்பட்டது இவர்களை எண்ணித்தான். ஒரு கருவி எல்லோருக்கும் பொதுவான பாதையாகும்போது, அதில் நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்க வேண்டும். நோட்டை நீட்டும் பாட்டியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பும் நிலை வரக்கூடாது.

நீங்களே ஓர் ஆய்வு செய்து பாருங்கள். உங்கள் தெருவில் தொடர்ந்து பயன்படுத்தும் பத்துப் பேரிடமும், தொடங்கிவிட்டு நிறுத்திய அல்லது தொடங்கவே செய்யாத பத்துப் பேரிடமும் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். பயன், எளிமை, சுற்றியுள்ளோர், அச்சம், தடங்கல், பழக்கம் என ஆறு பத்திகளில் குறியிடுங்கள். இரண்டாவது பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பது சற்றுக் கடினமாயிருக்கும்; புதிதாகக் கற்றுக்கொள்ளப் பெரும்பாலானவை அவர்களிடமே கிடைக்கும். அவர்களில் ஒருவருக்கு அச்சம்தான் தடை என்று கண்டால், அருகில் அமர்ந்து ஒரு ரூபாயை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேர்ந்ததைக் காட்டிவிட்டு, திருப்பி அனுப்புங்கள். ரகசிய எண்ணை அவர் இடும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அதுவே நீங்கள் அவருக்குக் கற்பிக்கும் முதல் பாடம்.